கதவக் கடைசியாத்தான் சாத்தணும்

இதுவா? சொறியல தம்பி, எழுதுறேன். தொடைமேல சீன எழுத்து எழுதுறேன். நீங்க ரொம்ப நேரமா பாத்துக்கிட்டு இருக்கீங்க, கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். போன வாரம் இதே பெஞ்சுல ஒரு அம்மா ஒண்ணுமே கேக்கல, எழுந்து அந்தப் பக்கம் போயிட்டாங்க.

மணி என்னா? பன்னெண்டு அஞ்சா. பன்னெண்டரைக்குத்தான் கதவத் தொறப்பாங்க. டாக்டருங்க சுத்து முடியலன்னா அதுவும் கிடையாது. உங்களுக்கு உள்ள யாரு? மாமனாரா. இடுப்பெலும்பா. சரியாயிடும், இப்பல்லாம் இடுப்ப மாத்தியே வச்சிடுறாங்க.

எனக்கு உள்ள இருக்கிறவரு சொந்தக்காரர் இல்ல. என் தவுக்கே, முதலாளி. லியோங்னு பேரு, ஈப்போ பழைய டவுன்ல போர்டு எழுதுற கடை. நான் அங்க முப்பத்தோரு வருசம். கடையில ஆளு நாங்க ரெண்டே பேருதான். ஒருத்தரு முதலாளி, ஒருத்தன் தொழிலாளி, சங்கம் வைக்கக்கூட ஆளு பத்தாது. அந்த மனுசன் மூணு மாடி உசரத்துக்கு ஏணியில ஏறி போர்டு மாட்டினவரு. கடைசியில விழுந்தது வீட்டு பாத்ரூம்ல. கழுத்து நரம்பு போச்சு. தொண்டையில குழாய் போட்டுட்டாங்க, பேச்சு கிடையாது. தலைய அசைக்க முடியாம பட்டை கட்டியிருக்கு. வலது கையில ஆட்காட்டி விரலு மட்டும் அசையும். கையில தொட்டா தெரியும், காது நல்லா கேக்கும். புத்தியும் தெளிவுதான்னு டாக்டர் சொல்றாங்க. டாக்டருக்கு என்னா தெரியும், சொல்றேன்.

கண்ணச் சிமிட்டுங்க, ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு தடவன்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிப் பாத்தாங்க. அவரு கண்ண மூடிக்கிட்டாரு. ரொம்ப நேரம் தொறக்கல. அதுக்கு ஆமாவா இல்லையான்னு அந்தப் பொண்ணு என்னையக் கேக்குது. அதெல்லாம் பண்ணமாட்டாரு, அவரு தவுக்கேன்னு சொன்னேன்.

நான் சீனம் பேசுவேன் தம்பி, சீனவங்க திரும்பிப் பாக்கிற மாதிரி பேசுவேன். ஆனா படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. நம்பமாட்டீங்க, ஏன்னா டவுன்ல பாதி போர்டு என் கையால போட்டது. மருந்துக் கடை, சாமிக்கூடம், பல் டாக்டரு, எல்லாம்.

எப்படின்னா, தவுக்கே பெரிய காகிதத்துல பிரஷ்ஷால எழுதுவாரு, ஒரே மூச்சுல. அந்த எழுத்தோட ஓரம் பூரா நான் ஊசியால ஓட்ட போடுவேன். அந்தக் காகிதத்த பலகைமேல ஒட்டி, சாக்பீஸ் பொடிய துணியில முடிஞ்சு தட்டுவேன். காகிதத்த எடுத்தா பலகையில புள்ளி புள்ளியா எழுத்து நிக்கும். அதுக்குள்ள சாயம் அடிக்கிறது என் வேலை. கை பட்டு ஈரம் கலையக் கூடாதுல்ல, அதனால எந்த மூலை வசதியோ அங்கருந்து ஆரம்பிப்பேன். கீழருந்து மேல போவேன், வலது பக்கத்துலருந்து இடது பக்கம் வருவேன். முடிஞ்சதும் பாத்தா தவுக்கே எழுதினது எது, நான் அடிச்சது எதுன்னு தெரியாது. நான் சாயம் அடிக்கும்போது மட்டும் அவரு வாசப் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு. பாக்க முடியலையாம்.

சேந்த ரெண்டாவது வருசம் கேட்டேன். தவுக்கே, எனக்கும் எழுதக் கத்துக்குடுங்கன்னு. வேணாம்னுட்டாரு. தெரிஞ்சவன் கோட்டத் தாண்டி தன் புத்திசாலித்தனத்தக் காட்டுவான், தெரியாதவன்தான் கோட்டுக்குள்ள நிப்பான்னாரு. நானும் ஒரு தடவதான் கேட்டேன். மறுபடி கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மனசுலயும் வச்சுக்கல. இருபத்தொம்பது வருசமா வச்சுக்கல.

மணி என்னா இப்ப? ஏழா. ரெண்டு நிமிசம்தான் ஆச்சா.

அவரு மகன் ரேமண்ட், ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல இருக்காரு. நல்ல பிள்ள. இங்கிலீசு படிச்சவரு, சீனம்னா சாப்பாடு ஆர்டர் பண்ற அளவுக்குத் தெரியும். அப்பா விழுந்துட்டாருன்னு ஓடி வந்தாரு. அப்பா கைய எடுத்து தன் கையில வச்சுக்கிட்டாரு, தவுக்கே மகன் உள்ளங்கையில விரலால எழுதினாரு. ரேமண்டுக்கு ஒண்ணும் புரியல. சுத்திப் பாத்தாரு, நான் நிக்கிறேன். அங்கிள் சன்னாசி, நீங்கதான் சீனம் எழுதுவீங்களே, வாங்கன்னாரு. மிஸ்ஸி பாக்குது, பக்கத்துப் படுக்கை ஆளுங்க எல்லாம் பாக்கிறாங்க. ஒரு தமிழன் சீனம் படிக்கப் போறான்னா யாருதான் பாக்கமாட்டாங்க.

அந்த நேரத்துல தெரியாதுன்னு சொல்லலாம்தான். நீங்களா இருந்தா சொல்லுவீங்க. நான் கைய நீட்டிட்டேன்.

தவுக்கே என்னைய ஒரு பார்வ பாத்தாரு. அவருக்குத் தெரியும்ல எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு. இருந்தாலும் எழுதினாரு. எனக்கு எறும்பு ஓடுற மாதிரி இருந்துச்சு. உதடு காஞ்சிருக்காம்னேன். மிஸ்ஸி பஞ்சு நனச்சு தொட்டுவிட்டுச்சு. அவரும் உதட்டச் சப்புக்கொட்டினாரு. எல்லாருக்கும் சந்தோசம்.

அப்புறம் தினம் இதே வேலைதான். காத்தாடிய வேகமா வைக்கணுமாம். கால் மாட்டுல தலகாணி வேணுமாம். ரேடியோவ நிறுத்தணுமாம். முப்பத்தோரு வருசம் கூட இருந்தவனுக்கு இது தெரியாதா? பாதிக்கு மேல சரியாத்தான் இருந்திருக்கும். மிஸ்ஸிங்க என்னைய மொழிபெயர்ப்பாளர்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க.

மூணாவது வாரம்தான் தம்பி. ரேமண்ட் கட்டில் பக்கத்துல உக்காந்து சொன்னாரு: அப்பா, கடைக் கட்டடத்த ஒருத்தர் கேக்கிறாரு, கோப்பிக் கடை வைக்கப் போறாராம், வித்துடலாமா? அதக் கேளுங்க அங்கிள்னாரு. நான் கைய நீட்டினேன். தவுக்கே நீளமா எழுதினாரு. ரெண்டு மூணு எழுத்து இருக்கும். முடிச்சிட்டு என்னையப் பாக்கிறாரு.

பொறுக்கச் சொல்றாருன்னேன்.

எனக்காகச் சொல்லல தம்பி. அத நீங்க புரிஞ்சுக்கணும். ஒரு மனுசன் படுத்துக் கெடக்கும்போது அவன் கடைய விக்கலாமா? எழுந்து வந்தா எங்க போவாரு? அதத்தான் நெனச்சேன். எனக்கு அம்பத்தெட்டு வயசு, டவுன்ல மத்த கடையெல்லாம் மெசின்லதான் எழுத்து வெட்டுறான், என்னைய எவனும் சேத்துக்கமாட்டான். அது வேற விசயம். அத நான் அப்ப நெனக்கவே இல்ல.

தவுக்கே கண்ண மூடிக்கிட்டாரு. ரேமண்ட் டிக்கெட்ட மாத்திக்கிட்டு பெர்த்துக்குப் போயிட்டாரு, அடுத்த மாசம் வரேன்னு.

கதவு தொறந்த மாதிரி இல்ல? இல்ல, சாப்பாட்டு வண்டி. உக்காருங்க.

மறுநாள் போறேன், ரேமண்ட் இல்ல, நான் மட்டும். தவுக்கே விரல அசைச்சாரு. கைய வச்சேன். ஒரே ஒரு கோடு, இடதுலருந்து வலது. நிறுத்திட்டாரு. திரும்ப அதே கோடு. பத்துப் பதினஞ்சு தடவ. மறுநாள் ரெண்டு கோடு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அதுக்கு அடுத்த நாள் மூணு. எனக்கு பயமாயிடுச்சு. என்னமோ சொல்ல வராரு, எனக்குத் தெரியல. பொறுன்னு நான் சொன்னது வேற மனசுல உறுத்துது. ராத்திரி திரும்பித் திரும்பிப் படுத்தா என் சம்சாரம் பாக்கியம் எழுந்து உக்காந்து, என்னா செஞ்சு தொலைச்சீங்கன்னு கேக்கிறா. சொன்னேன். போயி படிங்கன்னா. அதோட படுத்துட்டா.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு. அப்புறம் வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரி பள்ளிக்கூடத்துல எஸ்.பி.எம். பரீட்சை எழுதினேன். ரெண்டாவது தடவ பாஸ். எனக்குப் படிப்புன்னா வெளக்கு வச்சப்புறம்தான் வரும். சீனச் சங்கம் ஒண்ணு மாடியில பெரியவங்களுக்கு வகுப்பு வைக்குது, செவ்வாய் வியாழன், சாயங்காலம் ஏழு மணிக்கு. போயி சேந்தேன். ரெண்டு வியட்நாம் பொண்ணுங்க, இங்க கட்டிக்கிட்டு வந்தவங்க. ஒரு மலாய் போலீஸ்காரர். அப்புறம் நான். டீச்சர் மிஸ் சியூ, என் மகளவிட சின்னப் பொண்ணு.

யாருக்காவது ஏற்கனவே ஏதாவது எழுதத் தெரியுமான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. எழுந்து போயி அந்தச் சங்கத்து பேரையே பலகையில எழுதினேன், நாலு எழுத்து. வாசல்ல தொங்குற போர்டு நான் சாயம் அடிச்சதுதானே. போலீஸ்காரர் கை தட்டினாரு. டீச்சர் தட்டல. நான் வலது பக்கக் கீழ் மூலையிலருந்து ஆரம்பிச்சத பாத்துக்கிட்டே இருந்துச்சு, சட்டைய காலு வழியா மாட்டுறவனப் பாக்கிற மாதிரி. அங்கிள், இது எழுத்து இல்ல, எழுத்தோட போட்டோன்னுச்சு.

அப்புறம்தான் சொல்லிக் குடுத்துச்சு, வரிசை இருக்குன்னு. படுக்கைக் கோடு முன்னாடி, நிக்கிற கோடு பின்னாடி. மேல முன்னாடி, கீழ பின்னாடி. சில எழுத்து பெட்டி மாதிரி இருக்கும், நாலு பக்கமும் சுவரு, உள்ள ஏதோ இருக்கும். அதுக்கு மொதல்ல மூணு பக்கம் சுவரு, அப்புறம் உள்ள இருக்கிறது, கடைசியாத்தான் அடிக்கோடு. சீனப் பிள்ளைங்களுக்கு ஒண்ணாம் வகுப்புல இத ஒரு வாக்கா சொல்லித் தருவாங்களாம்: மொதல்ல ஆள உள்ள விடு, அப்புறம் கதவச் சாத்து. நான் முப்பத்தோரு வருசமா கதவச் சாத்திட்டுத்தான் ஆள உள்ள தள்ளியிருக்கேன்.

நான் வாதாடினேன். முடிஞ்சப்புறம் ரெண்டும் ஒண்ணுதானே மிஸ், எப்படிப் போட்டா என்னா, யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டேன். அது என் கைய வாங்கி, கண்ண மூடச் சொல்லி, பேனா மூடியால உள்ளங்கையில எழுதுச்சு. அங்கிள், காகிதத்துல எழுதினா எழுத்து மிச்சம் இருக்கும். கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது, கோட்டுமேல கோடு விழும். எது முன்னாடி எது பின்னாடின்னு தெரிஞ்சவனுக்குத்தான் அது எழுத்து, மத்தவனுக்கு அரிப்புன்னுச்சு. ஆஸ்பத்திரி விசயத்த நான் அதுகிட்ட சொல்லவே இல்லையே.

அன்னிக்கு முதல் பாடம் என்னா தெரியுமா? ஒரு கோடு போட்டா ஒண்ணு. ரெண்டு கோடு போட்டா ரெண்டு. மூணு கோடு மூணு. தவுக்கே எழுதினது அதுதான். பாவம், மனுசன் நாள எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. அதுக்கப்புறம் சிலுவ மாதிரி ஒண்ணு எழுதினாரு, அது பத்து. ரெண்டு கால் மாதிரி ஒண்ணு, அது ஆளு. ஆளுக்கு மேல ஒரு கோடு போட்டா பெரிசு. நான் செவ்வாய்க்கெழம வகுப்புல படிக்கிறத அவரு புதன்கெழம என் கையில எழுதுவாரு. சில நாளு வகுப்புக்கு முன்னாடியே எழுதிடுவாரு. நானும் திருப்பி அவரு கையில எழுதிக் காட்டுவேன், சும்மா அவரு மனசு சந்தோசத்துக்கு. வரிசை தப்பினா நகத்தால குத்துவாரு பாருங்க. இங்க பாருங்க, இந்தத் தழும்பு.

மிஸ் சியூகிட்ட ஒரு நாள் சும்மா கேட்டேன், தெரிஞ்சவரு ஒருத்தரு ஒண்ணு ரெண்டு மூணுலருந்து எழுதிக்கிட்டு வராரேன்னு. அங்கிள், அது ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்து வரிசைன்னுச்சு. அப்பவே எனக்கு விளங்கிடுச்சு. புத்தி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போயிடுச்சு அவருக்கு. வயசானா சில பேருக்கு அப்படித்தான் ஆகும். பாக்கியம்தான் ஒரு நாள் கேட்டா, ஏங்க, நீங்க தப்பாச் சொன்னதுல இருந்து உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாரோ என்னமோன்னு. போடி, முப்பத்தோரு வருசம் சொல்லிக் குடுக்காதவரு, படுத்துக்கிட்டா சொல்லிக் குடுப்பாருன்னேன்.

அவளுக்கும் என்மேல கோவம்தான். தூக்கத்துல அவ முதுகுல எழுதுறேனாம். எழுதினா எழுதிட்டுப் போங்க, கதவ மட்டும் சாத்தாதீங்க, மூச்சு முட்டுதுங்கிறா.

மணி? பதினேழா. நான் கொஞ்சம் எழுந்து நின்னுக்கிறேன், நீங்க உக்காருங்க. உக்கார முடியல இன்னிக்கு.

ரேமண்ட் திரும்ப வந்துட்டாரு, திங்கக்கெழம. இன்னிக்கு ரெண்டு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல கடை விக்கிற கையெழுத்து. அப்பாவ கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுத்தான் போடுவேன்ங்கிறாரு. அப்பா வேணாம்னா வேணாமாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் பொறுன்னு சொன்னேன் பாருங்க. எனக்காக இல்ல, இருந்தாலும்.

போன வியாழக்கெழம மிஸ் சியூகிட்ட மூணு வார்த்தைய மட்டும் தனியா கேட்டு வாங்கினேன். கடை. விக்கிறது. பொறுக்கிறது. மூணுக்கும் உருவம் எனக்குத் தெரியும், போர்டுல எத்தன தடவ அடிச்சிருக்கேன். வரிசைதான் தெரியாது. ஆறு நாளா இந்தத் தொடைமேலதான் எழுதுறேன். பஸ்ல, கடையில, கக்கூஸ்ல. நேத்து ரேமண்ட் சாப்பிடப் போன நேரம் பாத்து, தவுக்கே காதுகிட்ட குனிஞ்சு கேட்டேன். தவுக்கே, கடைய விக்கலாமா, உங்க வாயால சொல்லுங்கன்னேன். வாயாலன்னு சொல்லிட்டேன், பாருங்க.

எழுதினாரு. மெதுவா, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல நிறுத்தி. எனக்கு முதல் தடவ புரியல. இன்னொரு தடவன்னேன். எழுதினாரு. இன்னொரு தடவன்னேன். மூணாவது தடவ கோடு ஒண்ணொண்ணும் அதது எடத்துல போயி விழுது தம்பி. கண்ண மூடிக்கிட்டு இருக்கேன், உள்ளங்கையில எழுத்து தெரியுது. கடை. அடுத்தது, வித்துடு.

அவ்வளவுதான். முப்பத்தோரு வருசம், ரெண்டு வார்த்தை.

எனக்கு என்னா வந்துச்சோ. அவரு கையப் புடிச்சேன், உள்ளங்கையில எழுதினேன். நான்-னு எழுதினேன். சீனத்துல நான்-னு எழுத ஏழு கோடு, கஷ்டமான எழுத்து, வியட்நாம் பொண்ணுங்களே திணறும். வேற எழுத்து அப்ப கைக்கு வரல, அதனால அத எழுதினேன். வரிசை தப்பாமத்தான் எழுதினேன். ஆனா கடைசில மேல ஒரு புள்ளி இருக்கு, பதட்டத்துல அத விட்டுட்டேன்.

அவரு என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் விரல அசைச்சாரு. கைய வச்சேன். நகத்தால ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எங்க வரணுமோ சரியா அங்க. வேற ஒண்ணும் எழுதல. விரல எடுக்கவும் இல்ல, ரேமண்ட் வர்ற வரைக்கும் அங்கயே வச்சிருந்தாரு.

பாத்தீங்களா தம்பி, அந்த நேரத்துலயும் திருத்துறாரு மனுசன்.

இப்ப பிரச்சினை என்னான்னா, உள்ள போயி நான் பொறுன்னு சொன்னாலும் அதுதான் தவுக்கே வார்த்தை. வித்துடுன்னு சொன்னாலும் அதுதான். வேற யாருக்கும் தெரியாது. அவருக்குக் காது கேக்கும், அவ்வளவுதான். வித்துடுன்னு சொன்னா, அன்னிக்கு ஏன் பொறுன்னு சொன்னாருன்னு ரேமண்ட் கேப்பாரு. மனச மாத்திக்கிட்டாருன்னு சொல்லலாம். சொல்லலாம்தான். படுத்துக் கெடக்கிறவரு தலையிலயே அதையும் கட்டிடலாம். ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன். பாக்கியம் காலையில பசியாறும்போது ஒரே வார்த்தைதான் கேட்டா, இன்னிக்கு அவரு எழுதறதப் படிப்பீங்களா, இல்ல அவரு கையில சாயம் அடிப்பீங்களான்னு. கோப்பிய அப்படியே வச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.

தொறந்துட்டாங்க. அந்தா பாருங்க, சனம் போகுது. உங்க மாமனாரு எந்தப் பக்கம், எட்டாம் நம்பரா? நேரா போயி இடது.

அவருதான் ரேமண்ட், கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, வெள்ளச் சட்ட. கேட்டுச்சா, அங்கிள், அப்பா முழிச்சிட்டாரு, சீக்கிரம் வாங்கங்கிறாரு.

தம்பி, டிஸ்யூ இருந்தா ஒண்ணு குடுங்க. இல்ல, ரெண்டு குடுங்க. உள்ளங்கை வேர்த்திருந்தா விரலு வழுக்கும், எந்தக் கோடு முன்னாடி வந்துச்சுன்னு தெரியாது. இத்தன நாளா எனக்கு இந்தக் கவல இருந்ததே இல்ல.

வரேன், ரேமண்ட். கதவ விட்டுடாதீங்க. நான் இன்னும் உள்ள வரல.